வளனும் சூசையப்பரும்

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறாவூரை நோக்கிச் செல்லும் பெருவீதியில், வாவிக்கு அண்மையில் அமைந்திருக்கிறது தன்னாமுனை. எழுவான்கரையிலே கத்தோலிக்க மக்கள் செறிந்து வாழும் ஊர்களுள் அதுவும் ஒன்று. அவ்வூர் ஆலயத்தின் பாதுகாவலர் யேசுவின் வளர்ப்புத் தந்தையாகிய யோசேப்பு. முதியவர்கள் அவரைச் சூசையப்பர் என்று உரிமையோடு அழைப்பர். படித்தவர் அச்சிடும் தாள்களிலோ அவர் புனித வளனாராகிவிடுவார்.

ஒருவருக்கே இரண்டு பெயர்கள் வழங்கும் இந்நிலையை மொழி வேறுபாடு என்று கூறிக் கடந்துவிடலாம். சூசை என்பது போர்த்துக்கேயரின் வாய்வழி கரையேறிய ஒலி. மீனவரும் தச்சரும் தம் பிள்ளைகளுக்கு இட்டு வழங்கிய பெயர். வளன் என்பது வீரமாமுனிவர் ஆக்கிய பெயர். 'பெருகுதல்' என்னும் எபிரேயப் பொருளை நோக்கித் தமிழிலே அழகுறச் சமைத்த சொல். முன்னையது கரையில் வளர்ந்தது. பின்னையது ஏட்டில் வளர்ந்தது. எனினும் இவ்விரு பெயர்களையும் சற்று ஆழ்ந்து நோக்குமிடத்து, விசுவாசம் என்பது என்ன, விருந்தோம்பல் என்பது என்ன என்பன பற்றிய இருவேறு நோக்குகள் அவற்றின் பின்னே நிற்பது புலனாகும். ஆலய முன்றிலிலே திருவிழாப் பந்தல் எழும்போதெல்லாம் இவ்விரு நோக்குகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. அம்மோதலை இலக்கியத்தின் வழியே ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தாலியிற் பிறந்து தமிழகத்தில் உழைத்த வீரமாமுனிவர் (1680–1747), 1726-ஆம் ஆண்டளவில் இயற்றிய தேம்பாவணி 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். யோசேப்பே அதன் தலைவன். சிலப்பதிகாரம் வணிகன் ஒருவனையும் அவன் மனைவியையும் காப்பிய மாந்தராக்கியது. மணிமேகலை கணிகையர் குலத்திற் பிறந்த பெண்ணைத் தலைவியாக்கியது. அவ்வரிசையிலே மரத்தை இழைத்து வயிறு வளர்த்த தச்சன் ஒருவனைத் தலைவனாக்கும் அரிய வாய்ப்புத் தேம்பாவணிக்குக் கிடைத்தது. உலகின் எம்மொழியிலாயினும் ஒரு புலவன் பெருமைப்படத்தக்க வாய்ப்பு அது.

அவ்வாய்ப்பு எவ்வாறு பயன்பட்டது? காப்பிய இலக்கணம் தன்னிகரில்லாத் தலைவனை வேண்டுகிறது. எனவே தாவீதின் அரச மரபு முன்னுக்கு வருகிறது. நாட்டுப் படலத்திலே யூதேயா நாடு தமிழ் மருத நிலமாகச் செழித்து நிற்கிறது. நகரப் படலத்திலே மாடமாளிகைகள் ஓங்குகின்றன. சொல்வளத்திலும் சந்த நயத்திலும் இப்படலங்கள் தமிழின் தலைசிறந்த ஆக்கங்களோடு ஒப்ப வைத்து எண்ணத்தக்கன என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவ்வெள்ளத்திடையே தச்சனின் உளியோசை மெலிந்துவிடுகிறது. நற்செய்தி நூல்கள் நான்கிலும் யோசேப்பு ஒரு சொல்லேனும் பேசியதாகக் குறிப்பில்லை. எழுந்தான், மனைவியை ஏற்றான், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரவில் நடந்தான் என்று அவன் செயல்களே சொல்லப்படுகின்றன. தேம்பாவணியின் வளனோ நெடிது பேசுகிறான், அறம் உரைக்கிறான், ஐயம் அகற்றுகிறான். பேசாத உழைப்பாளி நாவன்மை மிக்க ஆசானாகிவிட்டான்.

இதற்குப் புலவரைக் குறைகூறல் வரலாற்று நோக்காகாது. அவர் எழுதிய சூழலை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி பிராமண சந்நியாசியின் கோலம் பூண்டு, மரக்கறி உணவே உண்டு, அங்கு முன்னரே பரதவ கிறித்தவரிடையே பணியாற்றிவந்த சக துறவியிடமிருந்து வேறாக வாழ்ந்தார். பின்னர் அம்மிசனிலே உயர்த்தப்பட்ட சாதியினருக்குச் சந்நியாசிக் குருமார், ஏனையோருக்குப் பண்டாரச் சுவாமிகள் என இருவகைப் போதகர் தோன்றினர். தமிழ்ப் பண்பாட்டை மதித்த துணிவு அதில் உண்டு. அதே வேளை, பிரபுத்துவ சமுதாயத்தின் பந்திப் பிரிவினையைத் திருச்சபை தன் வீட்டுக்குள் அனுமதித்த உண்மையும் அதில் உண்டு. எவருக்கு எழுதுகிறோம் என்பது எப்படி எழுதுகிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது. புலவர் அவையிலே தச்சன் ஏறவேண்டுமாயின் அவன் அரசகுலத் தோன்றலாகத்தான் ஏறவேண்டியிருந்தது.

இனி விருந்துக்கு வருவோம். விருந்து என்னும் தமிழ்ச் சொல்லுக்குப் புதுமை என்பது பொருள். அதனால் முன்பின் அறியாத புதியவனே விருந்தினன். வள்ளுவர் ஓர் அதிகாரம் முழுவதையும் இவ்வறத்துக்கு ஒதுக்கினார். முகம் சற்றே மாறினும் விருந்தினர் உள்ளம் வாடும் என்று அனிச்ச மலரைக் காட்டி அவர் உணர்த்துவது, வந்தவனின் மனத்தை அறிந்த ஒருவனின் கூற்று. ஆயினும் நம் மரபிலே விருந்து பெரும்பாலும் விருந்தளிப்பவனின் பெருமையாகவே பேசப்படுகிறது. அவனுக்குப் புகழ் சேரும். அவன் செல்வம் குன்றாது. வானோர் அவனை வரவேற்பர். அதிலும் அந்தப் பெருமை கணவனைச் சார்ந்தது. கோவலன் பிரிந்திருந்த காலத்தில் விருந்து புறந்தரும் பேற்றை இழந்ததற்காகக் கண்ணகி வருந்துவதை நாம் அறிவோம். சமைக்கும் கை அவளுடையது. அழைக்கும் உரிமையோ அவளுடையதன்று.

கிறித்தவ மறைநூல் இந்த நோக்கைத் தலைகீழாக்க முயல்கிறது. லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில், விருந்து வைக்கும்போது நண்பரையும் செல்வரான அயலாரையும் அழையாதே, திருப்பித் தர இயலாத ஏழைகளையும் உடல் ஊனமுற்றோரையும் அழை என்று யேசு கூறுகிறார். அதே அதிகாரத்திலே முதல் இருக்கைக்கு முந்துவோரையும் கண்டிக்கிறார். கொரிந்து நகரச் சபைக்குப் பவுல் எழுதிய முதல் திருமுகத்தில் கடுங்கோபம் ஒன்று வெடிக்கிறது: ஆண்டவரின் பந்தி என்று கூடுகிறீர்கள், ஆனால் ஒருவன் வயிறுமுட்ட உண்டு குடிக்க மற்றவன் பசியோடிருக்கிறான் என்பதே அவர் குற்றச்சாட்டு. யாக்கோபின் திருமுகமோ பொன்மோதிரம் அணிந்து வருபவனுக்கு நல்ல ஆசனமும் கந்தலுடுத்தவனுக்குக் காலடியும் காட்டும் சபையை நேர்நின்று வினவுகிறது. ஆதிச் சபையின் முதற்பூசல்கள் பல உணவுப் பந்தியிலேயே நிகழ்ந்தன என்பது கவனிக்கற்பாலது. விசுவாசத்தின் உரைகல் பலகாரத்தட்டின் அருகிலேயே கிடக்கிறது.

யோசேப்பின் கதைக்கு இந்நோக்கில் திரும்பினால் அது முற்றிலும் விருந்தினனின் கதையாகவே தோன்றும். பெத்லகேமிலே சத்திரத்தில் இடமில்லை. பிறகு ஏரோதின் வாளுக்கு அஞ்சி எகிப்துக்கு ஓட்டம். அந்நிய நாடு, அந்நிய மொழி, அந்நிய சமயம். அங்கே அவர்களுக்கு யாரோ இடம் கொடுத்திருக்க வேண்டும். யாரோ தச்சு வேலை கொடுத்திருக்க வேண்டும். யாரோ ஒரு பெண் தாய்க்கும் பிள்ளைக்கும் நீர் வார்த்திருக்க வேண்டும். அவர்கள் யேசுவின் சமயத்தாரல்லர், யோசேப்பின் சமயத்தாருமல்லர். கிறித்தவத்தின் முதற்குடும்பத்தை உயிரோடு காத்தவர்கள் பிறசமயத்தார். இந்த உண்மைக்குள் ஒரு பெருங்காப்பியமே அடங்கியிருக்கிறது.

தேம்பாவணி எகிப்து வாழ்க்கையை விரிவாகவே பாடுகிறது. ஆனால் அங்கே ஓங்கி நிற்பவன் போதகனாகிய வளன். அந்நாட்டு மக்கள் அவனிடம் கேட்டுத் தெளிபவர்களாக வருகின்றனர்; அடைக்கலம் தந்தவர்களாக நெஞ்சில் நிற்கவில்லை. அகதி ஆசானாகிறான், புகலளித்தவன் மாணவனாகிறான். தேம்பாவணியில் நான் காணும் பெருங்குறை இதுவே. இது கவிதைக் குறை மாத்திரமன்று. பெற்ற உதவியை மறந்து, வழங்கும் போதனையை மட்டும் நினைவில் வைக்கும் ஒரு மனப்பான்மையின் இலக்கிய வடிவம் இது.

ஏடு மறந்ததை மக்கள் மறக்கவில்லை. இத்தாலியின் சிசிலித் தீவிலே மார்ச் 19-ஆம் நாள் சூசையப்பர் திருவிழாவன்று ஏழைகளுக்குப் பந்தி வைக்கும் வழக்கமுண்டு. ஊரிலுள்ள எளியவர் சிலர் திருக்குடும்பமாக நடிப்பர். அவர்கள் கதவுகளைத் தட்டி இடம் கேட்பர். முதலிரு கதவுகளிலும் இடமில்லை என்ற விடை வரும். மூன்றாம் கதவு திறக்கும். அவர்கள் அமர்ந்து உண்ட பின்னரே மற்றவர் உண்பர். தேவாலயத்தின் பெருமொழியறியாத குடியானவர் படைத்த இந்தச் சிறு நாடகத்திலே, மறுக்கப்பட்ட விருந்தினனின் துயரும் திறந்த கதவின் மாண்பும் ஒருங்கே நிற்கின்றன. பிழைப்புத் தேடிச் சென்ற சிசிலியர் அதனை அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகருக்கும் கொண்டு சென்றனர். மட்டக்களப்பில் பிரெஞ்சு யேசு சபையாருக்குப் பின்னர் பணியாற்ற வந்த அமெரிக்கத் துறவிகள் அந்த நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்தைச் சேர்ந்தவர்களே. தென்பாண்டி நாட்டுக் கிறித்தவரிடையேயும் ஆலயத்தில் யாவரும் கூடியுண்ணும் அசனம் என்னும் வழக்கு இன்றும் உண்டு. பந்தி என்பது மக்கள் எழுதிய வியாக்கியானம் என்று கொள்ளலாம்.

மட்டக்களப்பின் விருந்தோம்பலைப் பற்றி யாழ்ப்பாணத்தில் ஒரு பழமொழி வழங்கும். மட்டக்களப்பார் வந்தவனைப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவர் என்பது அது. மந்திரத்தால் மயக்கிவிடுவர் என்ற இழிவும் அதில் கலந்திருக்கிறது. உத்தியோகம் பார்க்க வந்தவர், கடை வைக்க வந்தவர், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க வந்தவர் பலர் இங்கேயே மணம் புரிந்து தங்கிவிட்டது உண்மையே. வீடும் வளவும் பெண்வழி செல்லும் தாய்வழி மரபு வாழும் நாட்டில், வந்தவன் பெண்ணின் வீட்டிலே குடியேறுவது இயல்பான சமூக நிகழ்ச்சி. இதில் மந்திரத்துக்கு இடம் ஏது? விரித்த பாயைச் சுருட்டாத ஒரு மக்கள் கூட்டத்தைக் கண்டு, கணக்குப் பார்த்தே கதவு திறக்கும் மனம் அடைந்த வியப்பே பழிமொழியாயிற்று என்பேன்.

அப்பாய் வெறும் அலங்காரமாக இருந்ததில்லை. 1978 நவம்பர் 23-ஆம் நாள் இரவு வீசிய சூறாவளி இப்பிரதேசத்தின் கூரைகளைப் பிடுங்கியெறிந்தபோது, கல்லாற் கட்டிய பள்ளிகளும் கோவில்களும் தேவாலயங்களுமே மக்களுக்கு வீடுகளாயின. 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலைக்குப் பின் நாவலடி மக்கள் பலர் நகருக்கு வடக்கேயுள்ள திராய்மடுவிலே புதுவாழ்வு தொடங்கினர். 2007-இன் தொடக்க மாதங்களில் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் பல்லாயிரவர் எழுவான்கரைக்கு ஓடிவந்தனர். விருந்தினரும் அகதியும் ஒரே ஆளின் இரு பெயர்கள் என்பதை இவ்வாவிக்கரை மீண்டும் மீண்டும் கற்றது.

எனினும் 1990-ஆம் ஆண்டை எண்ணாமல் இங்கு விருந்தோம்பலைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. அவ்வாண்டு ஓகஸ்ட் 3-ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டனர். ஒன்பது நாள் கழியுமுன்னே ஏறாவூரில் நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம் மக்கள் படுகொலையாயினர். செப்டெம்பர் 9-ஆம் நாள், தன்னாமுனைக்கு அண்மையிலுள்ள சத்துருக்கொண்டானிலே அயற்கிராமங்களைச் சேர்ந்த 180-க்கு மேற்பட்ட தமிழர், குழந்தைகளும் முதியோருமாக, கொன்றொழிக்கப்பட்டனர். முன்னையவற்றில் தமிழ்த் துப்பாக்கியும் பின்னையதில் அரசின் துப்பாக்கியும் பேசின. கொன்றவரின் கொடி எதுவாயினும் இறந்தவர்கள் ஒரே வீதியின் மக்கள். ஒரே சந்தையில் மீனும் நெல்லும் மாற்றிக்கொண்டவர்கள்.

அந்த ஓகஸ்டின் 15-ஆம் நாள், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பை நோக்கிப் புறப்பட்டார் யூஜின் ஹேபர்ட் என்னும் யேசு சபைத் துறவி. லூசியானா மாநிலத்திலே பிறந்தவர். மட்டக்களப்பில் தொழில்நுட்பப் பயிற்சி நிலையத்தை நடத்தியவர். புனித மிக்கேல் கல்லூரி மாணவருக்குக் கூடைப்பந்து பயிற்றியவர். அவரும் உடன் சென்ற தமிழ் இளைஞரும் நகர் வந்து சேரவில்லை. இன்றுவரை அவர்கள் கதி வெளிப்படவில்லை. வாழைச்சேனையிலிருந்து வரும் அவ்வீதி ஏறாவூரைத் தாண்டித் தன்னாமுனை வழியாகவே நகரை அடைகிறது. அந்நியனாக வந்து, தமிழ்ப் பிள்ளைகளுக்கு உளியும் அரமும் பிடிக்கப் பழக்கிய அம்மனிதரை நினைக்கும்போது, எனக்கு வளனின் நெடிய உரைகள் நினைவுக்கு வருவதில்லை. நற்செய்தியின் பேசாத தச்சனே நினைவுக்கு வருகிறான்.

2019 ஏப்ரல் 21-ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலே குண்டு வெடித்துக் குழந்தைகள் பலரும் மடிந்தனர். அதன் பின்னர் முஸ்லிம் அயலவர் மீது ஐயம் படர்ந்தது. கடைகளுக்குச் செல்வதும் வீட்டுக்கு வீடு உணவு பரிமாறுவதும் குறைந்தன. குற்றவாளிகளுக்குரிய தண்டனையை அயலவரின் பலகாரத்தட்டின்மேல் சுமத்துவது எவ்வறத்திலும் அடங்காது. முஸ்லிம் மக்களின் கலியாண வீடுகளில் பலர் வட்டமாக அமர்ந்து ஒரே தட்டில் உண்ணும் சகன் முறையை நாம் அறிவோம். அத்தட்டுக்கு முதல் இருக்கையும் இல்லை, கடை இருக்கையும் இல்லை. சூசையப்பரின் பெயரைத் தாங்கும் ஒரு பங்கு, பிறசமயத்தாரிடம் புகல் பெற்ற ஒரு குடும்பத்தின் பெயரைத் தாங்குகிறது. அப்பெயருக்கு ஒரு கடன் உண்டு. அயலவனை அழைப்பது அக்கடனைத் தீர்க்கும் வழியே ஒழிய, நாம் செய்யும் தயவு அன்று.

பிறசமயத்தாரிடம் போகுமுன் நம் பந்தலுக்குள்ளும் சற்றுப் பார்த்தல் நன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருவிழாவுக்கு நான் போயிருந்தேன். எப்பங்கு என்பது வேண்டா. பூசை முடிந்ததும் ஆசிரியன் என்ற காரணத்தால் என்னை மண்டபத்துக்குள் அழைத்தனர். வெள்ளைத் துணி விரித்த மேசை, கதிரை, பீங்கான் தட்டு, இறால் பொரியல், தயிர். உத்தியோகத்தரும் தாராளமாகப் பணம் கொடுத்தவர்களும் அங்கே இருந்தனர். வெளியே வாகை மரத்தடியில் ஊர் மக்கள் பொதியை வாங்கிக்கொண்டு நின்றபடியே உண்டனர். முதல்நாள் இரவு முழுவதும் கண்விழித்துக் கிடாரத்தடியில் நின்ற பெண்கள், மாலை மூன்று மணிக்குப் பிறகு அடிச்சோற்றை வழித்து உண்டதை நான் கை கழுவச் சென்றபோது கண்டேன். அங்கே நான் வாய் திறக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். கொரிந்துச் சபையைக் கண்டிக்கும் வாசகம் அன்று காலையில் வாசிக்கப்பட்டிருந்தால் எங்களுள் எவருக்கேனும் உறைத்திருக்குமா என்று இன்றும் ஐயுறுகிறேன்.

நம் திருவிழா மலர்களை எடுத்துப் பார்த்தால் இதே மேசையையே அச்சில் காணலாம். முதலில் ஆசிச் செய்திகள், பிறகு படங்கள், பிறகு கொடையாளர் பட்டியல், இடையிடையே வளனாரின் தாழ்மையைப் புகழும் எதுகை மோனைக் கவிதைகள். பந்தல் கால் நட்டவர், கூடு சுமந்தவர், வலை வீசி மீன் கொடுத்தவர், தேங்காய் துருவியவர் எவருக்கும் அங்கு ஒரு வரியும் இல்லை. தாழ்மையைப் பாடுவது எளிது. தாழ்ந்தவனைப் பாடுவதற்கு அவனைப் பார்க்க வேண்டும். கிழக்கிலங்கை எழுத்துக்கு அந்தப் பார்வை அந்நியமன்று. மூதூரிலே பிறந்த வ. அ. இராசரத்தினம் 'தோணி' முதலான கதைகளிலே கரைவாழ் மக்களின் ஆசையையும் ஏமாற்றத்தையும் அவர்கள் நிலைநின்று எழுதிக் காட்டினார். வடக்கிலே கே. டானியல் 'பஞ்சமர்' முதலிய நாவல்களில் கோவிலிலும் தேநீர்க்கடையிலும் சாதி மறித்த வாசல்களை வரலாறாக்கினார். ஒரு பங்கின் குசினியைப் பற்றி, அங்கே புகையில் கண் கலங்கும் பெண்ணின் விசுவாசத்தைப் பற்றி, அத்தகைய கண்கொண்டு எழுதப்பட்ட படைப்பு நமக்கு வேண்டும்.

தேம்பாவணியைத் தள்ளிவிடச் சொல்வதாக எவரும் கொள்ளலாகாது. அந்நிய நாட்டில் பிறந்த ஒருவர் தமிழை இவ்வளவு நெஞ்சாரக் கற்றதே ஒரு விருந்தோம்பல். தமிழ் அவரை ஏற்றது மற்றொரு விருந்தோம்பல். நம் மாணவர் அதைப் படிக்கவேண்டும். படிக்கும்போதே, அதில் இடம் பெறாத எகிப்துப் பெண் யார் என்றும் கேட்கவேண்டும். அக்கேள்வியைக் கேட்கக் கற்பிப்பதே இலக்கிய ஆசிரியனின் வேலை.

1955-ஆம் ஆண்டு பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் மே மாதம் முதலாம் நாளைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக அறிவித்தார். உலகத் தொழிலாளர் செங்கொடி ஏந்தும் நாளிலே திருச்சபையும் தன் தச்சனை நினைக்க வேண்டியதாயிற்று. அவ்வறிவிப்பின் பின்னணியில் அரசியல் கணக்கு இருந்தது என்பர், இருக்கட்டும். கணக்கு எதுவாயினும் தச்சன் மீண்டும் தன் பட்டறைக்கு வந்துவிட்டான். பூவரும்பிய கோலோடு பீடத்தில் நிற்கும் வளனாரை வணங்கிவிட்டு மக்கள் வெளியே வரும்போது, சூசையப்பர் பந்தலிலே நிற்கிறார். கையில் உளியோடு, தோளில் உறங்கும் பிள்ளையோடு, வெகுதூரம் நடந்த களைப்போடு நிற்கிறார். அவருக்குக் கொடுப்பது மண்டபத்துக் கதிரையா, மரத்தடிப் பொதியா என்பதைப் பங்கு மக்கள் தீர்மானிக்க வேண்டும். கிடாரத்தடிப் பெண்களை முதற்பந்தியில் அமர்த்தி, ஏறாவூரிலிருந்து வந்த அயலவனை அவர்கள் அருகில் இருத்தி, உத்தியோகத்தரும் ஆசிரியரும் அகப்பை எடுத்துப் பரிமாறும் ஒரு திருவிழா வருமாயின், அன்று அவ்விரு பெயர்களும் ஒரு பெயராகும்.